அதிகாலைச் சிறப்பு வகுப்பு வைக்கும் பள்ளித் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பரீட்சை நெருங்கினால் முதலில் காவு போவது பிள்ளைகளின் தூக்கம். இரவு 11 வரை வீட்டுப்பாடம், காலை 6.30-க்குச் சிறப்பு வகுப்பு. தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது உங்கள் கணக்கு. நேற்று நடத்திய பாடம் மூளையில் பதிகிற நேரத்திலிருந்துதான் அந்த ஒரு மணியை எடுக்கிறீர்கள் என்பது என் புகார்.

இது புதுச் செய்தியும் இல்லை. 1924-லேயே அமெரிக்காவில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இதைச் சோதித்திருக்கிறார்கள். இரண்டு மாணவர்களிடம் அர்த்தமில்லாத பத்து அசைகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தபின் பாதிக்கு மேல் நினைவிருந்தது. அதே எட்டு மணி நேரம் விழித்திருந்தால் சராசரியாக ஒன்றை ஒட்டித்தான் தேறியது. தூக்கத்தில் வேறு எதுவும் குறுக்கிடாததால் மறதி குறைந்தது, அவ்வளவுதான் என்று அன்று விளக்கம் சொன்னார்கள்.

அது பாதி உண்மைதான். 1994-ல் வில்சனும் மெக்நாட்டனும் எலிகளின் ஹிப்போகாம்பஸில் நுண்ணிய மின்முனைகளை வைத்துப் பார்த்தார்கள். புதிய நினைவுகளை முதலில் வாங்கிக்கொள்ளும் பகுதி அது. எலி ஓடித் திரிந்தபோது சேர்ந்து துடித்த நரம்பணுக்கள், அது ஆழ்ந்து உறங்கும்போதும் சேர்ந்தே துடித்தன. பகலில் நடந்ததை மூளை இரவில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. இப்படி ஓட்டித்தான் புது நினைவுகளை மூளையின் வெளி அடுக்கான மேற்புறணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான அலைகளும், நொடிக்கு 12 முதல் 15 தடவை அதிரும் ‘ஸ்பிண்டில்’ என்ற குறுந்துடிப்புகளும் ஒன்றோடொன்று இசைந்து வரும்போது இந்த வேலை நடக்கிறது.

அதுதான் முன்னிரவிலேயே முடிந்துவிடுமே என்பீர்கள். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முன்னிரவில்தான், சரி. ஆனால் கனவுத் தூக்கத்தின் பெரும்பங்கு விடியலை ஒட்டித்தான் வருகிறது. அலாரம் வெட்டுவது அந்தப் பகுதியை. நினைவில் கனவுத் தூக்கத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. தூக்கம் குறைந்தால் மறுநாள் என்ன ஆகும் என்பதில் அவ்வளவு வாதம் இல்லை. ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களைப் பற்றி 2007-ல் வெளியான ஆய்வில், புதிய படங்களை மனத்தில் ஏற்றும்போது அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் மந்தமாகவே இயங்கியது. பிள்ளைகள் அந்த அளவுக்கு விழித்திருப்பதில்லைதான். ஆனால் நாள்தோறும் ஒன்றிரண்டு மணி குறைந்தாலும் கவனம் சரிந்துகொண்டே போகும். காலை வகுப்பில் கண் திறந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை பாடத்தை வாங்கிக்கொள்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

“சீக்கிரம் படுக்கச் சொல்லுங்கள்” என்று பெற்றோர் கூட்டத்தில் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. பதின்பருவத்தில், தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே தாமதமாகிறது. படுக்கையில் தள்ளினாலும் தூக்கம் வராது. செல்போனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-ல் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. சியாட்டில் நகரம் 2016-ல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்குத் தள்ளியது. பிள்ளைகள் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள் என்றுதான் பலரும் பயந்தார்கள். ஆய்வு செய்த இரண்டு பள்ளிகளில் மாணவர்கள் தினமும் சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள்.

பள்ளி நேரத்தையே மாற்றுவது உங்கள் கையில் மட்டும் இல்லை, தெரியும். சிறப்பு வகுப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது. அதை மாலைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் பரீட்சைக்கு முந்தைய வாரத்திலாவது விட்டுவிடுங்கள். அதற்கும் தயக்கமென்றால், எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம் என்று ஒரு வாரத்துக்குப் பிள்ளைகளைப் பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள்களைப் படித்துவிட்டு அடுத்த அட்டவணையைப் போடுங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்