செயலாளரின் ஆண்டறிக்கை: சிறுகுள ஃப்ளை ஃபிஷிங் போட்டிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்த அன்பர்களே, இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைய உறுப்பினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நிர்வாகச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு ஒழுங்காகக் கூடியது. சந்தா பெரும்பாலும் காலத்தில் வந்து சேர்ந்தது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். அறிக்கையின் மீதியைப் போட்டிகளுக்கே ஒதுக்குகிறேன். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியதும், சில கூட்டங்களில் குரல் உயர்த்தி வாதிட்டதும் அதைப் பற்றித்தான்.

புதியவர்களுக்காகப் போட்டி முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ளை ஃபிஷிங் என்பது பூச்சி போலக் கட்டிய ஃப்ளை என்ற செயற்கை இரையை, கனமான லைனின் எடையால் வீசி மீன் பிடிப்பது. சிறு குளத்தில் படகு கிடையாது, கரையிலிருந்துதான் வீச வேண்டும். கரையைச் சுற்றி எண்ணிட்ட பெக்குகள், அதாவது நிற்கும் இடத்தைக் காட்டும் முளைகள், அடித்திருப்போம். காலையில் சீட்டுக் குலுக்கி ஒவ்வொருவருக்கும் தொடக்க இடம் தருகிறோம். குறித்த நேரத்துக்கு ஒருமுறை விசில் ஊதியதும் எல்லோரும் ஒரே திசையில் அடுத்த பெக்குக்கு நகர வேண்டும். இருவர் இருவராகப் பிரித்திருப்பதால், ஒருவர் பிடிக்கும் மீனை மற்றவர் கண்ணால் பார்த்து அட்டையில் குறித்துக் கையெழுத்திடுவார். காற்று வந்து மோதும் மூலை, தண்ணீர் உள்ளே வரும் வாய், ஆழமான மடையோரம் என நல்ல இடங்கள் ஒருவருக்கே போய்விடாமல் இருக்கத்தான் இந்தச் சுழற்சி.

பெரிய ஏரியில் காற்றோடு படகை மிதக்கவிட்டு, இன்னும் தூண்டிலைப் பார்க்காத மீனைத் தேடிப் போகலாம். சிறு குளத்தில் நமக்கு முன்னால் இருப்பது அதே மீன்தான். முதல் சுற்றில் ப்ளாப் என்ற பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஃப்ளையை விரட்டி வந்து கவ்விய ரெயின்போ ட்ரவுட் மீன், மூன்றாவது சுற்றில் அதே ஃப்ளையைப் பார்த்ததும் திரும்பிப் போகும். இந்த ஆண்டின் ஆட்ட அட்டைகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது இது: தொடக்கத்தில் வேகமாகப் பிடித்தவர்கள் பலர். நடுவில் மீன் கவ்வுவது நின்றதும், உடனே லைன் நுனியில் கட்டும் மெல்லிய இழையான லீடரை நீட்டி, நீர்ப்பூச்சியின் கூட்டுப்புழு போலக் கட்டிய மெல்லிய பஸ்ஸர் ஃப்ளைக்கு மாறி, இழுக்கும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தவர்கள் சிலரே. பட்டியலின் மேல்வரிசையில் இருப்பவர்கள் அந்தச் சிலர்தான்.

குளிர்காலப் போட்டியில் நான் நேரில் பார்த்த ஒன்றை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். காற்றே இல்லை, தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பெக்கிலிருந்து இரண்டடி பின்வாங்கி நின்று, வினாடிக்கு மூன்று அங்குலம் மூழ்கும் லைனை வீசினார். பிறகு வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார். இருபது எண்ணினால் லைன் ஐந்தடிக்குப் போய்விடும். ஒவ்வொரு வீச்சிலும் ஐந்து ஐந்தாகக் கூட்டிக்கொண்டே போய், மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தேடினார். இடது கை விரல்களில் லைனை எட்டு வடிவில் சுருட்டிச் சுருட்டி இழுத்தார். ஃப்ளை கரையருகே வந்ததும் வெளியே எடுத்துவிடவில்லை. கோல் நுனியை மெல்ல உயர்த்தி, அப்படியே நிறுத்திப் பிடித்தார். அந்த நிறுத்தத்தில்தான் நுனி ஒரு துடிப்புத் துடித்தது. அதன்பின் அதே எண்ணிக்கை, அதே நிறுத்தம், விசில் ஊதும்வரை மீன் வந்துகொண்டே இருந்தது. பக்கத்து பெக்கில் இருந்தவர் அதே லைனோடு எண்ணாமல் இழுத்துக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இளைய உறுப்பினர்கள் விலை உயர்ந்த கோல் வாங்கும் முன் இப்படி எண்ணிப் பழக வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்பெண் முறையை இவ்வாண்டு மாற்றினோம். முன்பு ஆண்டு முழுக்கப் பிடித்த மீன்களைக் கூட்டி வெற்றியாளரை அறிவித்தோம். அதனால் மீன் புதிதாக விடப்பட்ட ஒரு நாளில் அள்ளியவர் ஆண்டு முழுவதும் முன்னணியில் இருந்தார். 1981-இல் லக்சம்பர்க்கில் முதன்முதலாக நடந்த உலக ஃப்ளை ஃபிஷிங் சாம்பியன்ஷிப் இன்று மூன்று மணி நேரச் சுற்றுகள் ஐந்தாக நடக்கிறது. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் தன் பிரிவில் முதலில் வருபவருக்கு ஒரு புள்ளி, இரண்டாவதாக வருபவருக்கு இரண்டு என்று போகும். கடைசியில் குறைந்த கூட்டுத்தொகை உள்ளவரே வெற்றியாளர். அந்த முறையைத்தான் நம் லீக்குக்கு எடுத்துக்கொண்டோம். மீன் கவ்வாத கடினமான நாளில் ஒரே ஒரு மீன் பிடித்து மூன்றாம் இடம் வருபவருடைய உழைப்புக்கு இப்போது உரிய மதிப்பு கிடைக்கிறது. இது நியாயமான மாற்றம் என்பது என் உறுதியான கருத்து. புள்ளி சமமானால் மட்டும் மொத்த மீன் எண்ணிக்கையைப் பார்க்கிறோம்.

மீன் கவ்வுவதைக் காட்ட லைனில் கட்டும் மிதவை, அதாவது பங், பற்றிய விவாதம் நீண்டது. சர்வதேச விதிகள் அதை அனுமதிப்பதில்லை. மிதவையைத் தொங்கவிட்டுக் காத்திருப்பது ஃப்ளை ஃபிஷிங்கே இல்லை என்று ஒரு தரப்பினர் வாதிட்டார்கள். புதிதாக வருபவருக்கு முதல் மீனைத் தருவது அதுதான் என்றார்கள் மறுதரப்பினர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. லீக் போட்டிகளில் தடை, புதியவர் பிரிவில் அனுமதி என்று செயற்குழு முடிவெடுத்தது. இங்கே பழகும் ஒருவர் நாளை மாநில, தேசிய அளவில் போனால் தடுமாறக் கூடாது என்பதும் இந்த முடிவுக்கு ஒரு காரணம்.

இனி மனத்தில் கனமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நம் போட்டிகளில் பிடிக்கும் மீனை உயிரோடு விடுகிறோம். ஆனால் விட்ட மீன் எல்லாம் பிழைக்கிறதா? வசந்தகாலப் போட்டிக்கு மறுநாள் குளத்தைச் சுற்றிப் பார்த்தபோது சில மீன்கள் மிதந்தன. அவசரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். நேரம் போகிறதே என்ற பரபரப்பில் மீனைப் புல்லில் போட்டு கொக்கியைக் கழற்றுவது, நடுவர் பார்க்கட்டும் என்று தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று பல காட்சிகளை நான் பார்த்தேன்.

1992-இல் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரு கனடிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவைச் செயற்குழுவில் வாசித்தேன். ரெயின்போ ட்ரவுட்களைச் சோர்ந்து போகும்வரை விரட்டிய பின், தண்ணீரிலேயே வைத்திருந்தவற்றில் 88 சதவீதம் 12 மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தன. 30 வினாடி காற்றில் வைத்தவற்றில் 62 சதவீதம். 60 வினாடி வைத்தவற்றில் வெறும் 28 சதவீதம். ஆய்வக நிலைமை வேறு, குளத்து நிலைமை வேறு என்று சொல்லலாம். ஆனாலும் புகைப்படத்துக்காக ஒரு நிமிடம் தூக்கிப் பிடிப்பது அந்த மீனுக்கு என்ன செய்கிறது என்பதை இதற்கு மேல் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஆகவே கோடையிலிருந்து புதிய விதி நடைமுறையில் இருக்கிறது. எதிர்முள், அதாவது கொக்கி நுனியருகே பின்னோக்கி நீளும் சிறு முள், இல்லாத கொக்கி கட்டாயம். அந்த முள்ளை இடுக்கியால் நசுக்கியிருந்தால், பருத்தித் துணியில் குத்தி இழுக்கும்போது சிக்காமல் வர வேண்டும். முடிச்சுப் பின்னிய பழைய நைலான் கைவலைக்கு அனுமதி இல்லை, ரப்பர் கைவலை மட்டும்தான். கை நனைத்த பிறகே மீனைத் தொட வேண்டும், ஏனென்றால் உலர்ந்த கை அதன் உடம்பில் உள்ள வழவழப்பை உரித்துவிடும். வலைக்குள் மீன் வந்ததும் கூட்டாளி ‘பார்த்தேன்’ என்று சொன்னால் போதும், எண்ணிக்கையில் சேரும், தண்ணீரை விட்டுத் தூக்க வேண்டியதில்லை. விசில் ஊதும் நேரத்தில் மீன் தூண்டிலில் இருந்தால் நிதானமாகக் கரை சேர்த்து விட்ட பிறகு நகரலாம், அந்த மீனும் கணக்கில் வரும். இந்தக் கடைசி வரியைச் சேர்த்த பிறகு பரபரப்பு வெகுவாகக் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

கோடைப் போட்டியை நாம் ரத்து செய்ததில் சிலருக்கு வருத்தம் உண்டு. தண்ணீர் 10 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் அது 9 ஆகக் குறைகிறது. மீனுக்குத் தேவையோ சூட்டில் கூடுகிறது. அன்று காலை ஆறு மணிக்கே மேல்மட்டத் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டியிருந்தது. பதிவு செய்தவர்கள் தூரத்திலிருந்து வந்திருந்தார்கள், தேநீர் கூடத் தயாராகிவிட்டது. இருந்தும் தலைவர் அவர்கள் வெப்பமானியைப் பார்த்துவிட்டு, தயக்கமின்றி ரத்து என்று அறிவித்தார்கள். அந்த முடிவை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அன்று வந்தவர்களுக்குக் கரையிலேயே வீச்சுப் பயிற்சியும் ஃப்ளை கட்டும் பயிற்சியும் நடத்திய உறுப்பினர்களுக்கு நன்றி.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. பின்வீச்சில் பறந்த கொக்கி ஓர் இளைய உறுப்பினரின் காதில் ஏறியது. எதிர்முள் இல்லாததால் நொடியில் வந்துவிட்டது. கண்ணில் பட்டிருந்தால்? கண்ணாடியும் தொப்பியும் அணியாதவர்களை இனி பெக்கில் நிற்க நடுவர்கள் அனுமதிக்கக் கூடாது.

குளத்தை நமக்குத் தந்து உதவும் உரிமையாளர்களுக்கும், மழையிலும் விசிலோடு நின்ற நடுவர்களுக்கும், பெக் அடிக்க முந்தின நாளே வந்த அன்பர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல் எண்ணும் விதியை நிரந்தரமாக்குதல். மேல்மட்டத் தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் போட்டியை நிறுத்தும் அதிகாரத்தை அன்றைய தலைமை நடுவருக்கு வழங்குதல். இடப்புள்ளி முறையை அடுத்த ஆண்டும் தொடர்தல். இவற்றையும் இவ்வறிக்கையையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்