டைரியில் எழுதாதீர்கள், எங்களோடு பேசுங்கள்

காவிரிப் படுகையின் மழலையர் பள்ளித் தாளாளர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். எங்கள் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்பதை எங்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள். இந்த மடலில் நான் கேட்க வந்தது இது ஒன்றுதான்.

நான்கு வயதுப் பிள்ளை காலையில் வேன் ஏறிப் போகிறது. பிற்பகலில் தூக்கக் கலக்கத்தோடு திரும்பி வருகிறது. நடுவில் என்ன நடந்தது என்று வீட்டுக்குத் தெரிவிக்க இரண்டு வழிகள் வைத்திருக்கிறீர்கள். ஒன்று, டைரியில் ஆங்கிலத்தில் எழுதப்படும் இரண்டு வரி. மற்றது, வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் பயிற்சிப் புத்தகப் பக்கத்தின் படம். இரண்டிலும் ஒரே செய்திதான்: இந்தப் பக்கத்தை முடியுங்கள், ஒன்று முதல் நூறு வரை எழுத வையுங்கள், நாளை பார்ப்போம். பிள்ளை என்ன கற்றது என்று அதில் இல்லை. பிள்ளையிடம் நாங்கள் என்ன வேலை வாங்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறது.

நான் மன்னார்குடி வட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகன் சிங்கப்பூரில். மருமகள் நகரத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள், அவள் வீடு திரும்ப இரவாகிவிடும். யுகேஜி படிக்கும் பேத்தி மாலை முழுவதும் என் பொறுப்பு. எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் படிக்கத் தெரியும் என்பதால் தெருவில் உள்ள அப்பாயிகளும் அம்மாச்சிகளும் டைரியையும் போனையும் எடுத்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வருவார்கள். அப்படிப் பல பள்ளிகளின் டைரிகளைப் பார்த்துவிட்டேன். பள்ளியின் பெயர்தான் மாறுகிறது. ஆகவே இதை எந்த ஒரு பள்ளியின் மீதான புகாராகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. நடவுக் காலத்தில் தாய் விடியுமுன் வயலுக்குப் போய்விடுகிறாள். தகப்பன் திருப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கிறான். பிள்ளையை வளர்ப்பவர்கள் பாட்டிகள். அவர்களில் பலர் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 சதவீத இடங்களில் எல்கேஜி சேர்ந்த பிள்ளைகளின் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பி, கீழே கையொப்பமும் கேட்கிறீர்கள். கைநாட்டு வைக்கக் கூச்சப்பட்டு, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்ன பாட்டி உண்டு. வீட்டுப்பாடம் சொல்லித்தர ஆள் இல்லாததால் நான்கு வயதுப் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பும் வீடுகளும் உண்டு. நான்கு வயதில் டியூஷன்! ஓடி விளையாட வேண்டிய மாலை நேரத்தில் பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இதற்கு நீங்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். பெற்றோர்தான் கேட்கிறார்கள், நோட்டு நிரம்பாவிட்டால் அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள் என்பீர்கள். உண்மைதான், கேட்கிறார்கள். ஆனால் நோட்டைத் தவிர வேறு எதையாவது அவர்களுக்குக் காட்டியிருக்கிறீர்களா? ஒரு மாலை என் பேத்தி புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டி, பெரியது, சிறியது, உடைந்தது என்று பிரித்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அதை வகுப்பில் செய்தார்கள் என்று பிறகு அவளுடைய ஆசிரியை வாசலில் பேச்சுவாக்கில் சொன்னார். ஒப்பிடுவது, இனம் பிரிப்பது, வரிசைப்படுத்துவது எல்லாமே கணக்கின் அடிப்படை என்று அந்தப் பெண் எவ்வளவு அழகாக விளக்கினார்! அதைப் பற்றி டைரியில் ஒரு சொல்கூட இல்லை. அன்றைய டைரியில் இருந்தது எழுத்துப் பயிற்சியின் பக்க எண். உங்கள் வேலையின் சிறந்த பகுதியை நீங்களே மறைத்துவிட்டு, நோட்டை மட்டும் நீட்டுகிறீர்கள். பெற்றோர் நோட்டை எடை போடாமல் வேறு எதைப் பார்ப்பார்கள்?

அந்த நோட்டு பிள்ளையின் கையை என்ன செய்கிறது என்பதையும் அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. மனிதரின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாக இருக்கும். வளர வளரத்தான் ஒவ்வொன்றாக எலும்பாக மாறும், மழலையர் வகுப்பு வயதில் அந்த மாற்றம் முடிந்திருக்காது. விரல்களின் சிறு தசைகளும் அப்படித்தான். மாவு பிசைவது, பூத் தொடுப்பது, கிழிப்பது, ஒட்டுவது, மணி கோப்பது போன்ற வேலைகளில்தான் அந்தக் கை உரம் பெறுகிறது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையிலும் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் எழுதுகோல். விஜயதசமி அன்று கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் பிள்ளையின் விரலைப் பிடித்து நெல்லில் எழுத வைக்கிறோம். மறுநாளே அந்த விரலில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது என்ன நியாயம்?

சட்டமும் உங்கள் வீட்டுப்பாடத்தின் பக்கம் இல்லை. முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பை கொள்கையும் அதையே சொல்கிறது. மாலைப் பொழுதை எப்படிக் கழித்தார்கள், என்ன விளையாடினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று அந்தச் சிறு பிள்ளைகளை வகுப்பில் பேச வையுங்கள் என்றும் அது சொல்கிறது. ஒன்றாம் வகுப்புக்கே இதுதான் நிலை என்றால் எல்கேஜிக்கு எழுத்து வேலை எங்கிருந்து வந்தது?

அங்கன்வாடிப் பணியாளர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற நல்ல பாடத்திட்டம் உங்கள் கையில் இருக்கிறது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019இல் எல்கேஜி, யுகேஜி தொடங்கப்பட்டது. 2022இல் அந்த வகுப்புகளை நிறுத்தும் பேச்சு எழுந்து, எதிர்ப்புக்குப் பிறகு கைவிடப்பட்டது. அந்த வகுப்புகளைக் காப்பாற்றியதில் சாதாரண மக்களின் குரலுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் எங்கள் ஊரில் “அங்கே சும்மா விளையாடத்தான் விடுகிறார்கள்” என்று சொல்லிவிட்டுக் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு வேனுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்கள். எடை போடுவது, பதிவேடு, செயலி என்று உங்கள் மேல் சுமத்தப்பட்ட வேலை எனக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறேன். அந்த விளையாட்டில் என்ன படிப்பு இருக்கிறது என்று தாய்மார்களிடம் நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

சொல்வதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போதும். தமிழில், இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாமல். படிக்கத் தெரியாத பாட்டியும் அதைக் கேட்பாள். வயலில் இருக்கும் தாய் சாப்பாட்டு நேரத்தில் கேட்பாள். துபாயில் இருக்கும் தகப்பன் இரவில் கேட்டுவிட்டு, பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுவான். “நன்றாகப் படிக்கிறாயா” என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தெரியாமல் போனில் திணறும் தகப்பன்மார்களை நான் தினமும் பார்க்கிறேன்.

இப்படிச் சொல்லலாம்: “இந்த வாரம் இலைகள் பார்த்தோம். பூவரசு, வேம்பு, வாழை, நெல். எந்த இரண்டு இலைகளில் நரம்பு நேராக ஓடுகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள்.” அல்லது இப்படி: “‘க’ என்ற ஒலியைக் கேட்டுப் பழகினோம். கதவு, கயிறு, கரண்டி. சமையல்கட்டில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று சேர்ந்து தேடுங்கள், எழுத வைக்க வேண்டாம்.” இன்னொரு வாரம்: “ஒரு பந்துக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். முறை வைத்து விளையாடப் பழகுகிறோம். வீட்டில் யாருக்கு முதலில் பரிமாறுவது என்று பிள்ளையையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.” கடைசியில் வரும் அந்தக் கேள்விதான் முக்கியம். அது இருந்தால் வீட்டில் பேச்சு தொடங்கும், இல்லாவிட்டால் உங்கள் பதிவும் இன்னொரு அறிவிப்பாகத்தான் போகும்.

வீட்டிலிருந்து வகுப்புக்கு வர வேண்டியதும் நிறைய இருக்கிறது. பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஏழு குழி, மொத்தம் பதினான்கு. காய்களைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும் பிள்ளை எண்ணக் கற்கிறது. ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அது ‘பசு’ என்று அள்ளிக்கொள்வோம். எண்ணிப் பார்க்காமல், கண் பார்த்ததுமே நான்கு என்று அறியும் பழக்கம் அங்கே வருகிறது. நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்கும் கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து, படியும் மரக்காலும் கொடுத்துப் பிள்ளைகள் நடுவில் உட்கார வையுங்கள். அவர் நடத்தும் கணக்கு வகுப்பைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

பருவங்களும் அப்படித்தான். பள்ளி திறப்பதும் மேட்டூர் திறக்க வேண்டியதும் ஒரே மாதம். ஜூன் 12இல் அணை திறக்கிற ஆண்டுகளில், அந்தத் தண்ணீர் கல்லணையைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அழுகையை நிறுத்தியிருப்பார்கள். வாய்க்கால் நிறைவதையும், நாற்றங்கால் பச்சை கட்டுவதையும், ஆடிப்பெருக்குக்குத் தெருப் பிள்ளைகள் சப்பரம் இழுப்பதையும், ஐப்பசி அடைமழையில் தவளை கத்துவதையும் பிள்ளை வேன் சன்னல் வழியாகவும் வீட்டு வாசலிலும் பார்க்கிறது, கேட்கிறது. புத்தகத்தில் பருவ காலம் என்ற பக்கத்தில் பனியில் விளையாடும் பிள்ளைகளின் படம் இருக்கிறது. நம் பக்கத்து வடுவூர் ஏரி 2022இல் ராம்சர் என்னும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே குளிர்காலத்தில் எத்தனை வகைப் பறவைகள் வந்து இறங்குகின்றன! பக்கத்து ஊர்களின் வகுப்பறைச் சுவரில் பென்குயினை ஒட்டிவைத்திருக்கிறீர்கள். பென்குயினைப் பற்றித் தெரிந்துகொள்வது தவறில்லை. ஆனால் நாரையைப் பற்றித்தான் பிள்ளையின் தாத்தாவால் பேச முடியும். பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்க, வீட்டில் பதில் சொல்ல ஆள் இருக்கிற பாடத்தை முதலில் வையுங்கள்.

மஞ்சள் நாள், காய்கறி வேடம் என்று நீங்கள் வைக்கும் விழாக்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. துணிக்கும் தெர்மாகோலுக்கும் ஆகும் செலவு ஒரு நாள் நடவுக் கூலியைத் தாண்டுகிறது என்பதை நினைவில் வையுங்கள். அந்தப் படங்களை எங்களிடம் கேட்காமல் பள்ளி விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஆசிரியைகளுக்கு ஒரு சொல். குறைந்த சம்பளத்தில், நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். குரல் பதிவு இன்னொரு கூடுதல் வேலையாகிவிடக் கூடாது. தாளாளர்களே, தினமும் டைரி எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த நேரத்தை அவர்களுக்கு இதற்காகக் கொடுங்கள். இதனால் மொத்த வேலை குறையும்.

இந்த விஜயதசமிக்குச் சேரும் புதுப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மேசையில் நோட்டுகளை அடுக்காமல், பிள்ளைகள் பிரித்த விதைகளையும் ஒட்டிய இலைகளையும் வையுங்கள். ஆசிரியை அவற்றைக் காட்டித் தமிழில் பேசட்டும். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் கூலி வேலைக்குப் போகும் தாய் வர முடியாது, மாலை ஐந்துக்கு மேல் வையுங்கள். அழைப்பில் பெற்றோர் என்று மட்டும் போடாமல், பிள்ளையை வளர்ப்பவர்கள் யாராக இருந்தாலும் வரலாம் என்று போடுங்கள். நாளைச் சொல்லிவிட்டால் எங்கள் தெருப் பாட்டிகளை நான் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
யுகேஜி படிக்கும் ஒரு பேத்தியின் அப்பாயி,
மன்னார்குடி வட்டம்