கீரைக்குத் துணை எலுமிச்சை

ஆசிரியருக்கு,

பெண்களின் இரத்தசோகை குறித்த தங்கள் தலையங்கம் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை என இரும்புச்சத்துள்ள உணவுகளை நிறையவே சொன்னது. வைட்டமின் சியைச் சொல்லவில்லை. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சாது. வைட்டமின் சி உடனிருந்தால் அந்த இரும்பு உறிஞ்சத்தக்க வடிவத்துக்கு எளிதில் மாறிக் கரைந்த நிலையில் நிற்கும். இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டும். காலையில் குடித்த நெல்லிச்சாறு இரவுக் கீரைக்கு உதவாது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்; ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம்.

ஊட்டச்சத்து முகாம்களில் அடிக்கடி காணும் பிழை, எலுமிச்சையைக் கொதிக்கும் குழம்பிலேயே பிழிந்துவிடுவது. வைட்டமின் சி சூட்டில் சிதையும், தண்ணீரில் கரையும். கீரையை அலசிய பிறகே நறுக்க வேண்டும். குழம்பை இறக்கி ஆவி அடங்கியதும் எலுமிச்சையைப் பிழிய வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2020 பரிந்துரைப்படி நாளொன்றுக்குப் பெண்களுக்கு 65 மி.கி., ஆண்களுக்கு 80 மி.கி. வைட்டமின் சி போதும். 100 கிராம் கொய்யாவிலேயே 200 மி.கி. இருக்கிறது (ஆரஞ்சில் அதில் ஏறத்தாழ கால் பங்குதான், விலையோ அதிகம்!). பள்ளிகளில் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை தரும் நாளில், மதிய உணவோடு ஆளுக்கு அரைக் கொய்யா அல்லது ஒரு நெல்லிக்காய் சேர்த்து வழங்க அரசு ஆவன செய்யலாம்.

- உணவியல் ஆசிரியர், மதுரை