மூணு கிரெடிட்டும் ஒரு பச்சைப் பேனாவும்

தக்கலை,
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள மக்கா,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு. போன்ல தட்டித் தட்டி எழுத எனக்குப் பொறுமை இல்லை. அதனால தாள்ல எழுதியிருக்கேன், மோள் போட்டோ எடுத்து அனுப்புவா. எழுத்து புரியலைன்னு மட்டும் சொல்லாதே. மூணு வருசம் என் நோட்டைப் பாத்து எழுதிப் பாஸானவன் நீ.

இங்க மழை விட்டபாடில்லை. விளையில ரப்பர் பால்வெட்டு நின்னு மூணு வாரம் ஆகுது. முட்டு வலி அப்படியேதான் இருக்கு. மத்தபடி சுகம்.

உன் பையன் விஷயத்தை ரெண்டு தரம் வாசிச்சேன். கோடை லீவுல பீஸ் குறைவுன்னு வேறொரு காலேஜ்ல இன்டர்மீடியட் மைக்ரோ எகனாமிக்ஸ் படிச்சிருக்கான். அவன் பல்கலைக்கழகம் அதோட கிரெடிட்டை, அதாவது பாடத்துக்கு டிகிரி கணக்குல சேருற எண்ணை, ஏத்துக்கிட்டுது, ஆனா எகனாமிக்ஸ் டிபார்ட்மென்ட் அதை மேஜர் கணக்குல, முதன்மைப் பாடமா, சேர்க்க மாட்டோம்னுட்டுது. 'ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு சட்டமா?'ன்னு கேட்டு வெப்ராளப்பட்டிருக்கே. ரெண்டு சட்டம்தான் மக்கா. டிகிரிக்கு மொத்தம் எத்தனை கிரெடிட் ஆச்சுன்னு எண்ணுறது ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ். வெளியில படிச்ச பாடம் நம்ம பாடத்துக்கு ஈடா நிக்குமான்னு பாக்கிறது டிபார்ட்மென்ட். முதல் ஆளுக்கு எண் போதும், ரெண்டாவது ஆளுக்கு சிலபஸ் வேணும். அமெரிக்காவுல பெரும்பாலான இடத்துல இதாக்கும் வழக்கம்.

தக்கலையில உக்காந்துக்கிட்டு இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு நினைப்பே. போன வருசம் என் வீட்டிலேயே இந்தக் கூத்து நடந்துது, கேட்டியா. கூட்டுறவு பாங்குல முப்பது வருசம் இருந்தவனுக்கு கிரெடிட்னா கடன். மோள் வந்து "அப்பா, மூணு கிரெடிட் வாங்கியிருக்கேன்"ன்னப்போ எனக்கு நெஞ்சு ஒரு தரம் நின்னுட்டுது.

அவ நாகர்கோவில்ல பி.ஏ. எகனாமிக்ஸ் கடைசி வருசம். நீ நாடு விட்டுப் போன பிறகு இங்க வந்த ஏற்பாடு ஒண்ணு உண்டு, ஸ்வயம்னு பேர். 2017ல தொடங்கினாங்க. ஐ.ஐ.டி. வாத்தியார்கள் எடுக்கிற பாடத்தை வீட்டிலிருந்தே படிச்சு, பரீட்சைக்கு மட்டும் சென்டருக்குப் போய் எழுதினா கிரெடிட் உண்டு. அதுல ஐ.ஐ.டி.க்காரங்க நடத்துற என்.பி.டி.இ.எல். பாடம்னா நாலு வாரத்துக்கு ஒரு கிரெடிட், பன்னிரண்டு வாரத்துக்கு மூணு. படிக்கக் காசில்லை, பரீட்சைக்கு மட்டும் பீஸ். இவ எழுதினப்போ ஆயிரம் ரூபாய். முன்ன 20 சதவீதம்னு இருந்ததை யு.ஜி.சி. 2021ல மாத்தி, ஒரு செமஸ்டர் பாடங்கள்ல 40 சதவீதம் வரை இப்படி வெளியில படிக்கலாம்னு விதி போட்டுது. அதே வருசம் கிரெடிட் பாங்கும் தொடங்கிட்டாங்க. வாங்கின கிரெடிட் அதுல ஏழு வருசம் வரை உயிரோட இருக்கும். டிகிரி குடுக்கிற இடத்துல பாதியாவது படிச்சிருக்கணும். வட்டி கிடையாதான்னு கேட்டேன், அவ சிரிக்கலை.

எக்கனாமெட்ரிக்ஸ் எடுத்தா, புள்ளிவிவரக் கணக்கு வச்சுப் பொருளாதாரத்தைப் பாக்கிற பாடம். பன்னிரண்டு வாரமும் வீட்டுல ஒரு பெரிய பரீட்சை நடக்கிற மாதிரிதான். வாரம் ஒரு அசைன்மென்ட், ராத்திரி பதினொண்ணு அம்பத்தொன்பதுக்குள்ள போடணும். அந்த நேரம் பாத்துத்தான் கரண்ட் போகும். ஒரு வாரம் காத்துல மரம் சாய்ஞ்சு லைன் அறுந்து, போன்ல சார்ஜும் தீந்து, அந்த அசைன்மென்ட் போச்சு. அழுதுட்டா. பன்னிரண்டுல நல்லா செஞ்ச எட்டைத்தான் எடுப்பாங்கன்னு மறுநாள் விதியை வாசிச்சபிறகுதான் சாயா குடிச்சா. அசைன்மென்டுக்கு 25, பரீட்சைக்கு 75. 'ஹெட்டரோஸ்கெடாஸ்டிசிட்டி'ன்னு ஒரு வார்த்தையை அடுக்களையில நின்னு உரக்கச் சொல்லிக்கிட்டே இருப்பா. அவ அம்மா அது ஏதோ சீக்குன்னு நினைச்சுப் பயந்துட்டா.

பாஸானா. இந்த சர்டிபிகேட் வச்சு காலேஜ்ல உள்ள எக்கனாமெட்ரிக்ஸ் மேஜர் பேப்பரைத் தள்ளிடலாம்னு கணக்குப் போட்டிருந்தா. டிபார்ட்மென்ட் மேடம் ரெண்டு சிலபஸையும் எடுத்து வான்னாங்க. அன்னைக்கு ராத்திரி இவ சாப்பாட்டு மேசையில ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, பச்சைப் பேனாவால கோடு போட்டா. இங்க முதல் யூனிட், அங்க ஒண்ணும் ரெண்டும் வாரம். இங்க ரெண்டாவது, அங்க மூணுல இருந்து அஞ்சு வரை. இப்படி நாலு யூனிட்டுக்குக் கோடு போச்சு. அஞ்சாவது யூனிட்டுல ஒண்ணுக்கு மேல சமன்பாடுகளைச் சேர்த்துப் பாக்கிற பகுதி. அதுக்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்லை. பேனாவை மூடாமலே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா.

மேடம் நல்ல மனுஷி. "நாலு யூனிட் சரி, அஞ்சாவது இல்லை. பேப்பர் நாலு கிரெடிட், உன்கிட்ட மூணு. இதை எலக்டிவா, விருப்பப் பாடமா வச்சுக்கோ, மேஜரை வகுப்புல வந்து படி"ன்னுட்டாங்க. எனக்குக் கோவம் வந்துது, மோளுக்கு வரலை. "அந்த அஞ்சாவது யூனிட் தெரியாம எம்.ஏ.வுக்குப் போய் நான் முழிக்கணுமா அப்பா?"ன்னு என்னையே கேட்டா.

அதுக்கப்புறம்தான் பெரிய பாடு. மார்க் ஷீட் வந்துது, அந்த மூணு கிரெடிட்டைக் காணோம். எந்த ஆபீஸ்னு நான் எழுதலை, விடு. மூணு தரம் நடந்தோம், மூணு பேர் மூணு ஜன்னலைக் காட்டினாங்க. கடைசியில ஒரு பையன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். அவ ஆதார்ல என் பேர் முழுசா இருக்கு, சர்டிபிகேட்ல ஒத்த எழுத்து இனிஷியல். ரெண்டும் ஒரே ஆள்னு மெஷினுக்குத் தெரியலையாம். அதனால கிரெடிட் பாங்குல ஏறலை. பிள்ளை பன்னிரண்டு வாரம் முழிச்சுப் படிச்சதை அவ அப்பன் பேரு தடுத்து வச்சிருக்கு பாரு. அதைச் சரிபண்ண ரெண்டு மாசம் ஆச்சு.

உன் பையனுக்கு வருவோம். கோவிச்சுக்காதே, நான் டிபார்ட்மென்ட் பக்கம்தான். அமெரிக்காவுல பல டிபார்ட்மென்ட்ல இன்டர்மீடியட் மைக்ரோவை கால்குலஸ் வச்சுத்தான் நடத்துவாங்க. இவன் படிச்ச காலேஜ்ல வெறும் கிராஃப் வரைஞ்சு முடிச்சிருந்தா, பேர் ஒண்ணா இருந்தாலும் பாடம் வேற. அவன்கிட்ட ஒண்ணு மட்டும் கேளு: கால்குலஸ் வச்சுச் செய்ற லக்ராஞ்சி மல்ட்டிப்ளையர் முறை போட்டுக் கணக்கு செஞ்சானா? செஞ்சிருந்தா வழி இருக்கு. வாரவாரியான சிலபஸ், புத்தகத்தோட பேர், எந்தெந்த அத்தியாயம், திருத்தின கணக்குத் தாள், எல்லாத்தையும் சேர்த்து மறுபடி விண்ணப்பம் போடச் சொல்லு. அந்தக் காலேஜோட ஒத்தை வரி விவரத்தை மட்டும் பாத்து மறுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. செய்யலைன்னா, அந்தப் பேப்பரைத் திரும்பப் படிக்கிறதே நல்லது. அடுத்து வர்ற பாடமெல்லாம் அது மேலதானே ஏறி நிக்குது.

அவன் போனது குவார்ட்டர் முறையில, வருசத்தை ரெண்டு செமஸ்டருக்குப் பதிலா நாலாப் பிரிச்சு, நடக்கிற காலேஜான்னும் பாரு. நாலு குவார்ட்டர் கிரெடிட் செமஸ்டர் கணக்குல 2.67தான். மூணு வேணும்கிற இடத்துல அந்த மூணுல ஒரு பங்கு கிரெடிட் குறையே தடையா வந்து நிக்கலாம். மேஜருக்கு உள்ள மேல்வகுப்புப் பாடங்கள்ல இத்தனை எங்ககிட்டயே படிச்சிருக்கணும்னு ஒரு கணக்கும் அங்க பல இடத்துல வச்சிருப்பாங்க. இதையெல்லாம் பீஸ் கட்டுறதுக்கு முன்ன ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்கணும். பையனைத் திட்டாதே, என் மோளும் கேக்கலை. காலேஜ் அங்கீகரிச்ச பட்டியல்ல அந்தப் பாடம் எந்த இடத்துல இருக்குன்னு பரீட்சை முடிஞ்சபிறகுதான் பாத்தா.

நம்ம ஜில்லாவே ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ்தானே மக்கா. 1956 நவம்பர் 1ல அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடுன்னு நாலு தாலுகாவையும் இந்தப் பக்கம் சேர்த்தாங்க. எங்கப்பா திருவனந்தபுரத்துல இன்டர்மீடியட் முடிச்ச ஆளு. திருவிதாங்கூர் பல்கலைக்கழக முத்திரை போட்ட அந்தத் தாளை ஒரு தகரப் பெட்டியில வச்சிருந்தார், சாகுற வரை யாரையும் தொட விட்டதில்லை. எங்க எப்ப கேப்பானோன்னு ஒரு பயம். நமக்கு மதுரை காமராசர் முத்திரை. நாம வெளிய வந்த மறுவருசம், 1990ல, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்துது. ஓர்மை இருக்கா, சர்டிபிகேட் வாங்க வடசேரியிலருந்து மதுரை பஸ் ஏறி, திரும்பி வரும்போது நீ பையோட அதை ஆரல்வாய்மொழிச் சாயாக்கடையில விட்டுட்டு பஸ் ஏறி, பிறகு இறங்கித் திரும்பி ஓடினது?

மோள் சொல்றா, உன் பையன் ரெண்டு சிலபஸையும் வாட்ஸப்புல அனுப்பினா கோடு போட்டுத் தருவாளாம். பச்சைப் பேனா தீந்துபோச்சுன்னு புதுசு வாங்கி வச்சிருக்கா. அவன்கிட்ட சொல்லு, கூச்சப்பட வேண்டாம்.

கிறிஸ்மஸுக்கு வர்றதா இருந்தா முன்னாலேயே ஒரு வார்த்தை எழுது. மட்டி வாழைக்குலை ஒண்ணு முத்தி வருது, வெட்டாம நிறுத்தி வைக்கணும்.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி