எங்கள் பனங்காடு எந்தக் கணக்கில் இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாட்டில் காடு கூடியிருக்கிறது என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். எண்களில் தப்பில்லை. 2023-ம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கைப்படி காடும் மரப்பரப்பும் சேர்த்து 8,27,357 சதுர கிலோமீட்டர், அதாவது நாட்டின் பரப்பில் 25.17 சதவீதம்; 2021 மதிப்பீட்டைவிட 1,445 சதுர கிலோமீட்டர் அதிகம். ஆனால் அந்த 1,445-ஐப் பிரித்துப் பாருங்கள். காடு கூடியது வெறும் 156. மீதி 1,289-ம் காட்டுக்கு வெளியே தோப்பிலும் வரப்பிலும் சாலையோரத்திலும் நிற்கிற மரங்கள். அப்படியென்றால் நாட்டின் பச்சை கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களின் பட்டா நிலத்தில்தான். எங்கள் பக்கம் அந்தப் பட்டா நிலம்தான் மனையாகிக்கொண்டிருக்கிறது.

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற சாலையில் ஒருமுறை வந்து பாருங்கள். சாலைக்கு இரண்டு பக்கமும் பனையும் தென்னையும் நிற்கிற மணல் பூமி இது, அதில் இப்போது கொஞ்ச தூரத்துக்கு ஒரு வளைவு, கலர் கொடி, வெள்ளையடித்த எல்லைக்கல், ஏதாவது ஒரு 'நகர்'. அங்கே என்ன நடக்கிறது என்றால், முதலில் ஜேசிபி வந்து பனையின் தூரைச் சுற்றித் தோண்டும், அப்புறம் வாளியை வைத்து ஒரு தள்ளு, மரம் வேரோடு சாயும். தலையை வெட்டிப் போட்டுவிட்டு உடம்பைத் துண்டு போட்டு லாரியில் ஏற்றுவார்கள், அது செங்கல் சூளைக்குப் போகும். விதை போட்டுப் பதினைந்து, இருபது வருடம் காத்திருந்தால்தான் பாளை விடுகிற மரம் அது. அதை நம்பிப் பதநீர் இறக்கினவர், கருப்பட்டி காய்ச்சினவர், ஓலையில் பெட்டி முடைந்த பெண்கள் எல்லாருக்கும் அந்த இடத்தில் பிழைப்பு அன்றோடு முடிந்தது.

இனி கணக்குக்கு வருகிறேன். ஒரு ஹெக்டேருக்கு மேல் இருந்து, மேலிருந்து பார்க்கும்போது பத்து சதவீதத்துக்கு மேல் மர நிழல் தெரிந்தால் அந்த அறிக்கையில் அது காட்டுப்பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம் என்ற பேச்சு கிடையாது. எங்கள் மாவட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் சொல்லாமலே புரியும். பனையை அழித்துப் போட்ட மனைகளில் பாதி, வாங்கினவர் வெளியூரில் இருக்க, சும்மா கிடக்கின்றன. சில மழைக்காலம் போனால் எல்லைக்கல்லை மூடிச் சீமைக்கருவேல் அடர்ந்துவிடுகிறது, மேலே இருந்து பார்த்தால் அதுவும் பச்சை. மாறாக, வரப்பில் ஒற்றை வரிசையாக நின்ற பனைகள் போனால் காட்டுப்பரப்பில் ஒரு புள்ளிகூடக் குறையாது, ஏனென்றால் அவை அந்தக் கணக்கில் இருந்ததே இல்லை. மாதிரி இடங்களில் எண்ணி மதிப்பிடுகிற மரப்பரப்புக் கணக்கில் எங்கேயோ கரைந்திருக்கும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கரையோரத்தில் மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத்தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராகத் தங்கி நிற்கும். கடலுக்குப் பக்கத்திலேயே ஊற்றுத் தோண்டிச் சிரட்டையில் கோரிக் குடம் நிரப்ப முடிவது அதனால்தான். மணல்மேட்டை வெட்டிச் சமப்படுத்தி, மேலே கிராவல் அடித்து, ரோடு போட்டு, மனைக்கு ஒரு போர்வெல் இறக்கினால் அந்த நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு நிற்கும்? மேலே உறிஞ்ச உறிஞ்சக் கீழேயிருந்து உப்பு ஏறும். கடலோர ஒழுங்குமுறை விதிகளில் மணல்மேட்டுக்கு உயர்ந்த பாதுகாப்பு இருக்கிறது, சரி, ஆனால் கடற்கரையில் அந்த விதி உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறிவருகிற எல்லையிலிருந்து, 500 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் இருக்கிற மணலுக்கு யார் பொறுப்பு?

வீடு கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் பெரியவர்களாகிறார்கள், குடும்பம் பிரிகிறது, குடியிருக்க இடம் வேண்டும். உள்ளூர்க்காரர்கள் பனையை விட்டுத் தள்ளிக் கட்டிக்கொண்டு இத்தனை காலம் இருந்துதான் வந்திருக்கிறார்கள். ஆள் குடிவராத மனைக்காக மொத்தத் தோப்பையும் மொட்டையடிப்பது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் மனைப்பிரிவுக்கு மனு போடுகிற நேரத்தில் நிலத்தில் மரமே இருக்காது, எல்லாம் முன்கூட்டியே போயிருக்கும், வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அது வெறும் தரிசு. ஆகவே மனு வரும்போது அந்தச் சர்வே எண்ணின் பழைய செயற்கைக்கோள் படத்தையும் எடுத்துப் பார்க்கட்டும். ஐந்து வருடத்துக்கு முன் அங்கே என்ன நின்றது, அனுமதி வாங்கித்தான் எடுத்தார்களா என்று கேட்ட பிறகு கையெழுத்துப் போடட்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது இடமாக உள்ளாட்சிக்கு எழுதித் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த இடத்தை மரம் நிற்கிற மூலையிலேயே ஒதுக்கச் சொன்னால் பாதிப் பனையாவது தப்பும். இப்போது அது பல இடங்களில் சீமைக்கருவேல் மண்டின ஒரு மூலைதான்.

எங்கள் மாவட்டத்துக் காரங்காட்டு அலையாத்திக் காட்டைப் பற்றி நீங்கள் படத்தோடு எழுதினீர்கள், மகிழ்ச்சி. அது வனத்துறையின் பார்வையில் இருக்கிறது. பட்டா நிலத்துப் பனைக்கு அப்படி யாரும் இல்லை. அடுத்த வன அறிக்கை வரும்போது தேசிய எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். மாவட்டவாரி எண்ணும் அதே அறிக்கையில் இருக்கும், ராமநாதபுரத்தின் எண்ணைத் தனியாகப் போடுங்கள். உங்கள் நிருபரையும் இங்கே அனுப்பினால், எந்தச் சர்வே எண்ணில் என்ன நின்றது என்று காட்ட ஊரில் பெரியவர்கள் இருக்கிறார்கள், நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
உச்சிப்புளி வாசகர்