பகல் பஸ்ஸில் வா, பாப்பா

பாப்பா,

நேற்று போனில், "ராத்திரி 12 மணி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டேன்பா, தூங்கிட்டே வந்துடுவேன்" என்றாய். சரி சரி என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் அம்மா இருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன். இதை அவளிடம் காட்டாதே.

முதலில் டிக்கெட்டைப் பார். போன தடவை 'பினாங்கு' என்று கண்ணில் பட்டதும் தட்டிவிட்டு, தீவில் இருக்கிற சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில் போய் இறங்கினாய். தீவிலிருந்து பாலம் தாண்டித் திரும்பி வர நீ கொடுத்த கிராப் டாக்ஸி காசு, கோலாலம்பூர் பஸ் காசை நெருங்கிவிட்டது. பட்டர்வொர்த், பினாங்கு சென்ட்ரல் என்று போட்டிருக்க வேண்டும், அதுதான் நம் கரையில் இருக்கிற பஸ் நிலையம். 2018-இல் அதைத் திறந்த பிறகு நம்ம பாகான் டாலாம்காரர்களுக்கு என்ன கவலை, வீட்டு வாசலில் இறங்குகிற மாதிரிதான்.

ஏறுகிற இடத்திலும் உங்களுக்கு இப்போது சொகுசுதான். கோலாலம்பூர் டிபிஎஸ் பஸ் நிலையத்தில் ஒரே கவுண்டரில் எல்லா கம்பெனி டிக்கெட்டும் கிடைக்கிறது. நான் பஸ் ஓட்டிய காலத்தில் எல்லாம் புடுராயா என்கிற பழைய நிலையம்தான். பஸ்கள் கீழ்த்தளத்தில் நிற்கும். படி இறங்கும்போதே டீசல் புகை மூக்கை அடைக்கும். மேலே டிக்கெட் விற்கிற தரகர்கள், உலாட்டுகள், "ஈப்போ, பினாங்கு, அலோர் ஸ்டார்" என்று கத்திக்கொண்டு ஜனங்களின் பையைப் பிடித்து இழுப்பார்கள். ஆனால் அங்கிருந்து பெட்டாலிங் ஸ்திரீட் நடக்கிற தூரம். உனக்கு அங்கேதான் பள்ளிக்கூடப் பை வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா?

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை முழுதாகத் திறந்தது 1994-இல். அதற்கு முன்னால் பழைய ரோட்டில் பீடோர், கம்பார் என்று ஊர் ஊராக நுழைந்து வருவோம். லாரி பின்னால் மாட்டினால் அவ்வளவுதான், ஊர்ந்துகொண்டே வரவேண்டும். எரிச்சலாக இருக்கும், ஆனால் தூக்கம் வராது. நெடுஞ்சாலை வந்த பிறகு ஏறக்குறைய 350 கிலோமீட்டர் ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. நேர் ரோடு, ஒரே சத்தம், ஏர்கோன் குளிர். ராத்திரி மூன்று மணிக்கு அந்த வெள்ளைக் கோடு இருக்கிறதே, அது ஆளைத் தாலாட்டும்.

2001-இல் ஒரு ராத்திரி. இரண்டாவது டிரைவர் காய்ச்சல் என்று வரவில்லை. "நீயே ஓட்டிடு" என்றார்கள். எங்களுக்கு அடிப்படைச் சம்பளம் கொஞ்சம், மீதியெல்லாம் டிரிப் கணக்கு. உனக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். ஓட்டினேன். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கம் வரை நன்றாகத்தான் இருந்தேன். ஏற்றத்தில் கியர் மாற்றிக்கொண்டே இருப்போம், கைக்கு வேலை இருக்கும். கோலகங்சார் கழிந்து புக்கிட் கந்தாங் பக்கம் வந்தது எனக்குத் தெரியாது. இடப்பக்கச் சக்கரம் ஓரக்கோட்டில் ஏறி 'டர்ர்ர்' என்றது. அப்போதுதான் கண் திறந்தது. கண்ணாடியில் தெரிந்தது ரோடு இல்லை, இரும்புத் தடுப்பு. ஒடித்துத் திருப்பினேன். பஸ் இரண்டு ஆட்டம் ஆடி நின்றுகொண்டது. பின்னால் யாரும் விழிக்கவில்லை. முதல் வரிசையில் ஒரு மலாய்ப் பாட்டி மட்டும் விழித்திருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எட்டி, ஒரு சின்னப் பொட்டலம் அசாம்போயை, அந்தப் புளிப்பு உப்புப் பழத்தை, என் பக்கத்தில் வைத்தார். பட்டர்வொர்த் வரை அதை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே வந்தேன். இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

2007 ஆகஸ்டில் அதே புக்கிட் கந்தாங்கில் ஒரு பஸ் விபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து நான் ஏன் சாப்பிடவில்லை என்று நீ கேட்டாய். பல் வலி என்றேன்.

எல்லா டிரைவரும் தூங்குவார்கள் என்று சொல்லவில்லை. என்னைவிட நல்ல ஆட்கள் நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். இருந்தாலும் 12 மணி டிக்கெட்டை மாற்று. காலை ஒன்பது மணி பஸ் எடு. இடப்பக்கம் உட்கார், வடக்கே வரும்போது காலை வெயில் வலப்பக்கம்தான் அடிக்கும். முதல் வரிசை வேண்டாம், சக்கரத்துக்கு மேலேயும் வேண்டாம். பெல்ட் போடு. 2025 ஜூலையிலிருந்து அது சட்டமும்கூட, சட்டை கசங்குகிறது என்று கழற்றாதே. நெடுஞ்சாலை ஓய்விடத்தில், ஆர் அண்ட் ஆரில், நிறுத்தினால் டிரைவர் தேத்தண்ணி குடித்து முடிக்கிற வரைக்கும் பொறு, 'லேட் ஆகுது அண்ணே' என்று அவசரப்படுத்தாதே.

சின்ன வயதில் என் யூனிஃபார்ம் சட்டைப்பையில் கைவிட்டு அசாம்போய் எடுத்துத் தின்பாயே. அப்பா உனக்காக வாங்கி வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்கு நான் மோட்டாரோடு சென்ட்ரலில் நிற்பேன். அம்மா கேட்டால் டிக்கெட் இல்லாததால் பகல் பஸ் எடுத்தேன் என்று சொல்லிவிடு.

அப்பா