பயாலஜி லேபுக்கு மைக்ராஸ்கோப்பு: இன்னும் 33,500 ரூபா துண்டு விழுது

அண்ணன்மாரு, அக்காமாரு, தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். பழைய மாணவர் கமிட்டில இருந்து எழுதுறோம். பிப்ரவரில பிளஸ் டூ பிராக்டிகல், கடைக்காரருக்கு ஜனவரி 25-க்குள்ள மீதிப் பணம் கட்டணும், கையில காசு பத்தல.

நம்ம தாத்தாமாரு கருப்பட்டி வித்த காசுல வீட்டுக்கு வீடு வரி போட்டு எழுப்புன லேப் அது. மொத மைக்ராஸ்கோப்பு வந்தன்னைக்கு வெங்காயத் தோலப் பாக்க ஊர்ப் பெரியவங்களே வரிசையில நின்னாங்களாம், "ஏலே, பாய் முடைஞ்ச மாதிரில்லா இருக்கு"ன்னாராம் ஒருத்தரு. ராபர்ட் ஹூக்ங்கிற விஞ்ஞானி 1665-ல தக்கையில பாத்து செல்னு பேரு வச்சத நம்ம தாத்தாமாரு வெங்காயத்துல பாத்துட்டாங்க!

இன்னைக்கு 46 பிள்ளைங்களுக்கு ஓடுறது ரெண்டே ரெண்டு. டீச்சர் ஃபோகஸ் பண்ணி வைக்காங்க, பிள்ளைங்க அரை நிமிஷம் எட்டிப் பாத்துட்டு நகருதுங்க. கண்ணு பாத்துருச்சு, கை பழகல. நாலு மடங்கு பெருசாக் காட்டுற 4எக்ஸ் லென்சுல ஆரம்பிக்கணும், ஃபோகஸ் பண்ற பெரிய திருகு அதோட சரி, 40எக்ஸ் லென்சுக்குப் போனா சின்ன திருகுதான், ஏன்னா அங்க லென்சுக்கும் ஸ்லைடுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர்கூட கிடையாது. அது தெரியாம பெரிய திருகத் திருப்பி ஸ்லைடயும் லென்சயும் காலி பண்ணவன் இந்தக் கமிட்டிலயே இருக்கான், யாருன்னு கேக்காதீங்க. ஸ்லைடு மேல மூடுற மெல்லிசுக் கண்ணாடி, அந்தக் கவர் ஸ்லிப்ப சாய்ச்சு மெதுவா எறக்கணும், டப்புன்னு போட்டா காத்துக் குமிழி மாட்டிக்கும், அதயே செல்லுன்னு படம் வரஞ்சு மார்க்க விட்ட பிள்ளைங்களும் உண்டு. இதெல்லாம் தானா தொட்டுச் செஞ்சாத்தான வரும்?

கணக்கு இதான். 12 மைக்ராஸ்கோப்பு, ஒண்ணு 6,500, ஆக 78,000. ஸ்லைடு, சாஃப்ரனின் சாயம், லென்ஸ் தொடைக்கிற பேப்பர் எல்லாம் 7,000. மொத்தம் 85,000. வந்தது 51,500. கரண்ட் போனாலும் எரியற சார்ஜ் லைட் மாடல், அதான் வெலை கொஞ்சம் கூட.

ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மாரு ஒருநாள் ஓட்டத்த அப்படியே தந்தாங்க, 4,100 ரூபா. எட்டாப்போட படிப்ப நிறுத்துன தையல்கடை அக்கா ஆயிரம் தந்துட்டு "என் மவளாவது பாக்கட்டும்"னாங்க. துபாய் தம்பிங்க, போன வருஷம் லேபுக்கு ஃபேன் மாட்டித் தந்தவங்க, டீயும் வடையும் காசு வாங்காம அனுப்புன கடைக்கார மாமா, எல்லாருக்கும் அம்மன் கொறை வைக்கமாட்டா.

ஆனா ஒண்ணு, சித்திரைக் கொடைக்கு ஒரு ராத்திரி வெடிச்ச வெடிக்கு இந்தத் துண்டு ஒரு மூலைக்குக் காணாது. அம்மனும் பாத்துட்டுதான் இருக்கா.

ஜிபேல போடலாம், டீக்கடையில தந்தாலும் ரசீது உண்டு. தாரேன்னு சொல்லிட்டு இன்னும் தராதவங்க 9 பேரு. பேரு போடல, அவங்களுக்கே தெரியும்.